ஹெரால்டும் பனியன் வேஸ்ட்டும்

தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கைக்கு வந்த பேரன் முதலில் பானெட்டைத் திறந்து பார்க்கட்டும். இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த வண்டி. 1961 முதல் சென்னையில் தயாரானது. மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழும். 948 சிசி எஞ்சினுக்குப் பக்கத்தில், டயர்மேல் உட்கார்ந்தே கார்புரேட்டரைக் கழற்றலாம். இன்றைய கார்களில் கை நுழையவே இடமில்லை! சேஸிஸ் தனி, பாடி போல்ட்டில் பூட்டியது. துருப்பிடித்த பாகத்தை மட்டும் டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பினால் போதும். பெயின்ட்டுக்கு அவசரமில்லை, பிரேக்கும் வயரிங்கும் முதலில்.

இந்த வேலைகளில் எண்ணெய் துடைக்கத் துணியா? பேரன் திருப்பூர்க்காரனென்றால் அந்தக் கவலை எதற்கு? அங்குள்ள பனியன் கம்பெனிகளின் கட்டிங் மேசையில் விழும் துண்டுத்துணி, பனியன் வேஸ்ட்தான் ஊரூராக ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகிறது. சுத்தப் பருத்தி வெள்ளை வேஸ்ட்டாகப் பார்த்து எடுக்கணும். பாலியஸ்டர் கலந்தது பருத்தி அளவுக்கு உறிஞ்சாது, எண்ணெயை ஈஷிவிடும்.