ஆய்வாளர் பார்க்காத குழாய்

சிகாகோவின் பத்தொன்பதாவது வார்டில் குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரருக்கு 1895-ல் ஒரு தலைவலி வந்து சேர்ந்தது. ஹால்ஸ்டெட் தெருவில் ‘ஹல் ஹவுஸ்’ என்ற சமூக இல்லத்தை நடத்திவந்த ஜேன் ஆடம்ஸை மேயர் அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர். விடிந்தும் விடியாததுமாக அவரும் உடனிருந்த பெண்களும் குப்பை வண்டிகளின் பின்னாலேயே போனார்கள். ஒன்பதாக இருந்த வண்டிகளைப் பதிமூன்றாகவும், பிறகு பதினேழாகவும் கூட்டவைத்தார்கள். ஒவ்வொரு வண்டியிலும் தனக்கு நட்டம் என்று புலம்பிய ஒப்பந்தக்காரர், முந்தைய ஆய்வாளர் ஏழு வண்டிக்கே விட்டுவிட்டாரே என்றும் அங்கலாய்த்தாராம். தன்னையறியாமல் அவர் கொடுத்த வாக்குமூலம் அது! குறுகலான தெரு ஒன்றில் ஒன்றரை அடிக் குப்பைக்கும் மண்ணுக்கும் கீழே கல் பாவிய தளமே புதைந்து கிடந்தது.

சாவு விகிதத்தில் நகரிலேயே மூன்றாவதாக இருந்த வார்டு ஏழாவது இடத்துக்கு இறங்கியது. அந்தப் பெருமை முழுவதையும் குப்பை வண்டிகளுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும், தினமும் தெருவில் இறங்கிப் பார்க்கும் ஆய்வுக்குப் பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. அந்தப் பலன் ஆளை நம்பியே நின்றது என்பதுதான் சிக்கல். சில ஆண்டுகளில் பதவியின் அமைப்பே மாற்றப்பட்டது. பெண்கள் அதற்கு வர வழியில்லாமல் போயிற்று.

1902-ல் டைஃபாய்டு பரவியது. நகர மக்களில் முப்பத்தாறில் ஒரு பங்கினர் வாழ்ந்த இந்த வார்டில், நகர் முழுதும் அந்நோயால் நேர்ந்த சாவுகளில் ஆறில் ஒரு பங்கு நேர்ந்தது. ஹல் ஹவுஸ் பெண்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, எந்த வீட்டில் எந்த வகைக் கழிப்பறை, எங்கே நோயாளி என்று குறித்துக்கொண்டார்கள். அங்கேயே தங்கியிருந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், திறந்த கழிப்பிடங்களில் மொய்க்கும் ஈக்கள்தான் கிருமியைச் சுமந்து சென்றன என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார்.

அந்தக் கழிப்பிடங்கள் அதுவரை ஆய்வாளர்களிடமிருந்து எப்படித் தப்பிப் பிழைத்தன என்ற கேள்வி உடனே எழுந்தது. நகரச் சுகாதாரப் பிரிவில் பாதிப் பேர் விசாரணைக்கு நிறுத்தப்பட்டனர். 24 பேரில் 11 பேர் வேலை இழந்தனர். இவர்கள் எல்லோரும் கைநீட்டிக் காசு வாங்கியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஆடம்ஸ் நினைவுகூரும் அந்த வட்டார ஆய்வாளர் இளகிய மனமுள்ள முதியவர். வீட்டுக்காரர் ஏழை, வீட்டை விற்கப்போகிறார், எப்படியும் இடித்துத் தொழிற்சாலை கட்டப்போகிறார்கள் என்று ஏதாவது காரணம் சொன்னால் போதும், கழிப்பிடத்தை மாற்றுவதற்கான கெடு நீண்டுவிடும். தான் செய்த தவறு என்னவென்று கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. பேராசைக்காரரைத் தண்டித்து விலக்கலாம். இப்படிப்பட்ட இரக்கத்தை என்ன செய்வது? வீட்டுக்காரர் மேல் பட்ட இரக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் குடியிருந்தவர்கள். துப்புரவாக வீட்டைப் பேணிய ஒரு விதவைத் தாய், வெளியூரில் படித்துத் திரும்பிய மகள்களில் ஒருத்தியை இதே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்.

ஆய்வு முறையின் பெரிய ஓட்டை பின்னால்தான் வெளிப்பட்டது. நோய் பரவுமுன் வட்டார நீரேற்று நிலையத்தில் ஏற்பட்ட உடைப்பால், மூன்று நாள் குடிநீர்க் குழாய்களில் சாக்கடை கலந்திருந்தது. சுகாதார வாரியம் அதை மூடி மறைத்துவிட்டது. ஹாமில்டனே 1943-ல் தம் சுயசரிதையில் இதை எழுதினார். படிவமும் அபராதமும் வீட்டுக்காரரின் கொல்லைப்புறம் வரை போயின. நகராட்சியின் சொந்தக் குழாய் அந்த ஆய்வுக்குள் வரவில்லை. தவறை மறைத்த அலுவலகமே ஊழியர்களைத் தெருவுக்கு அனுப்பி, வீட்டுக்காரர்களின் தவறுகளைக் கணக்கெடுக்கச் சொன்னது.

அந்தக் கழிப்பிடங்களை ஒழிக்க வேண்டியிருந்ததில் மாற்றுக் கருத்து இல்லை. ஈக்கள் மேல் சுமத்திய பழி மிகையானது என்பதால் கழிப்பிடங்கள் சுத்தமாகிவிடவில்லை. ஹாமில்டனுக்குத்தான் சங்கடம். நச்சுத் தொழில்கள் பற்றிய அவருடைய பெரும்பணிக்கு முன்பே பாராட்டைத் தேடித்தந்தது அந்த ஈக் கட்டுரை. எத்தனை முறை மறுத்தும் அந்த ஈக்கள் பல்லாண்டுகள் தம்மை விடவில்லை என்று அவர் வெட்கத்தோடு எழுதியிருக்கிறார்.