வால்மீன் வேறு, வெப்பம் வேறு

சென்ற பருவத்தில் இளம் அறிவியல் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் ஆய்வுக்கூடத்தில் என்னிடம் கேட்டான்: "சார், பூமிக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான்னு சொல்றாங்களே, இந்தப் படிப்பெல்லாம் எதுக்கு?" கேலியாகக் கேட்கவில்லை, முகம் வாடியிருந்தது. 'டோன்ட் லுக் அப்' பார்த்ததிலிருந்து தூக்கமே சரியில்லை என்றான்.

ஆடம் மக்கே இயக்கி 2021-ல் வெளிவந்த அமெரிக்கப் படம் அது. 5 முதல் 10 கிலோமீட்டர் அகலமுள்ள வால்மீன் ஒன்று பூமியை நோக்கி வருகிறது. மோதலுக்கு ஆறு மாதம், பதினான்கு நாள். வானியல் பேராசிரியரும் அவருடைய ஆராய்ச்சி மாணவியும் எச்சரிக்கிறார்கள், எவரும் செவிசாய்ப்பதில்லை. வால்மீன் என்று காட்டுவது பருவநிலை மாற்றத்தையே.

கிண்டல் கூர்மையானது என்பதில் ஐயமில்லை. மோதும் வாய்ப்பு 99.78 சதவீதம் என்றதும், '70 என்று வைத்துக்கொள்வோம்' என ஜனாதிபதி பேரம் பேசுகிற இடத்தில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன். புள்ளியியல் நடத்துகிறவர்களுக்கு அந்தச் சிரிப்பின் கசப்பு புரியும்.

ஆனால் உவமை பிழையானது. அந்தப் பிழைதான் என் மாணவனின் தூக்கத்தைக் கெடுத்தது என்று கருதுகிறேன். வால்மீன் ஒன்று மோதும், அல்லது மோதாது, நடுவில் எதுவுமில்லை. புவி வெப்பமோ அப்படிப்பட்டதன்று. நாம் இதுவரை வெளிவிட்ட மொத்தக் கரியமில வாயுவுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் வெப்பநிலை உயர்கிறது. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-ல் தந்த மதிப்பீடு, ஒரு லட்சம் கோடி டன்னுக்குச் சுமார் 0.45 டிகிரி. உலகம் ஆண்டுதோறும் வெளிவிடுவது சுமார் 4,000 கோடி டன். வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 0.018 டிகிரி வரும். நிகர வெளியீடு நின்றால் உயர்வும் பெரும்பாலும் நின்றுவிடும் என்பதே இன்றைய கணிப்பு. ஏறிய வெப்பம் உடனே இறங்காது. அது வேறு விஷயம்.

ஆகவே இதில் 'கடைசி நாள்' என்று ஒன்றில்லை. 2024-ன் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் போய்விட்டது. அதனால் எல்லாம் முடிந்ததா? 1.7-ஐவிட 1.6 மேல்; 1.8-ஐவிட 1.7 மேல். தீங்கு மட்டும் நேர்விகிதத்தில் வளர்வதில்லை, பின்னால் போகப் போக வேகமாக ஏறும். பவளப்பாறை போன்றவை சிலவற்றுக்கு மீள முடியாத எல்லைகளும் உண்டு. இதை மறைத்து மாணவனுக்கு ஆறுதல் சொல்வது நேர்மையாகாது. ஒவ்வொரு பத்திலொரு டிகிரிக்கும் மதிப்பு கூடுவது இதனால்தான்.

அச்சம் அவனுக்கு மட்டும் உரியதல்ல. இந்தியா உள்பட பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், மனிதகுலம் அழியப்போகிறது என்று கருதியவர்கள் 56 சதவீதம். இவர்களுக்குப் படம் தருவது என்ன? ஒரு பெண் தொலைக்காட்சியில் அலறுகிறாள். கடைசியில் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி அமர்ந்து அமைதியாகச் சாவை எதிர்கொள்கிறது. அழகான காட்சிதான். ஆனால் இருபது வயதுப் பையனுக்கு அது பாடமாகிவிடக் கூடாது.

இன்னொரு குறை. ரஷ்யா, இந்தியா, சீனா சேர்ந்து அனுப்ப முயன்ற ராக்கெட் வெடித்துவிட்டது என்று சில நொடிகளில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மற்ற உலகத்தின் பங்கு அவ்வளவே! வால்மீனை விலக்குவதுகூட நடவாத காரியமன்று. படம் வந்த மறு ஆண்டே, 2022 செப்டம்பரில், நாசாவின் 'டார்ட்' கலம் டைமார்ஃபாஸ் என்ற சிறுகோளில் மோதி அதன் சுற்றுக்காலத்தை அரைமணிக்கு மேல் குறைத்தது.

மாணவனைக் கரும்பலகையில் அந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டான். சிறிது நேரம் நின்றுவிட்டு, "சார், இந்த 0.018-ல் நம்ம பங்கு எவ்வளவு?" என்றான். இந்தியருக்குத் தலைக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருக்குச் சுமார் 14 டன் என்றேன். "அப்ப அந்தப் படத்தை அவங்கதான் முதல்ல பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்டிருந்த ஊசல் பரிசோதனைக்குத் திரும்பினான்.