ஒரே மெழுகு, இரண்டு மரியாதை

தில்லியில் குடும்பம் நடத்தும் தமிழர்களுக்கு ஒரு நிரந்தரக் கடமை உண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் குதுப்மினாருக்கும் அக்ஷர்தாமுக்கும் அழைத்துப் போன பிறகு, கடைசி நாள் மாலையில் தில்லி ஹாட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். "ஏதாவது அசலான கைவேலைப் பொருளா வாங்கிக் குடுங்களேன்" என்பார்கள். நாமும் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே காதோடு சொல்லி வைப்போம்: "அவன் சொல்ற விலையில பாதியிலேர்ந்து ஆரம்பிங்கோ." இந்த உபதேசத்தை நானும் பல வருடம் செய்திருக்கிறேன். அதில் இருக்கும் பிழையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே, ஒரு பெரிய சாக்கடைக் கால்வாயை மூடிய இடத்தில், சுமார் 6 ஏக்கரில் 1994இல் திறக்கப்பட்டது இந்தச் சந்தை. கைவினைஞர் இடைத்தரகர் இல்லாமல் தாமே வந்து விற்க வேண்டும் என்பது நோக்கம். அதற்காக 15 நாட்களுக்கு ஒருமுறை கடைக்காரர்கள் மாறுவது போல ஏற்பாடு செய்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதிலேயே ஒரு குறையும் இருக்கிறது. செய்தவரும் வாங்குபவரும் அறிமுகமாவதற்குள் தவணை முடிந்துவிடுகிறது. நாம் மறுபடி போகும்போது அந்தக் கடையில் வேறு மாநிலத்து வேறு முகம். யாரென்றே தெரியாத ஒருவரிடம் பேரம் பேசுவது எளிது.

அங்கே நம்மவர்கள் அதிகம் பேரம் பேசும் பொருள், நான் பார்த்தவரை, சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தரிலிருந்து வரும் டோக்ரா பித்தளைச் சிற்பம். யானை, குதிரை, மான், விளக்கு, மத்தளம் கொட்டும் ஆள். "பொம்மைக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்டுவிட்டு நகர்கிறோம். அது உருவாகும் விதத்தை அறிந்தால் அந்தக் கேள்வி சற்றுத் தயங்கும்.

முதலில் களிமண்ணில் உருவத்தின் கரு. அது உலர்ந்ததும், தேன்மெழுகை நூல் நூலாகப் பிழிந்து, அந்த நூலைக் கருவின் மேல் நெருக்கமாகச் சுற்றுவார்கள். கண், காது, சேணம், சலங்கை எல்லாமே மெழுகு நூல்தான். அதன்மேல் நைஸான மண் பூச்சு, அப்புறம் கரடான மண் பூச்சு. சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுப்போன சந்துக்குள் காய்ச்சிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் அச்சை உடைத்து எடுக்க வேண்டும். உடைத்துவிட்டதால் அந்த அச்சில் இன்னொன்று வராது.

இதைப் படிக்கையில் தஞ்சை மாவட்டத்தாருக்கு எங்கோ கேட்ட கதையாக இருக்குமே! ஆம், சுவாமிமலை ஸ்தபதி செய்வதும் இதையேதான். தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து உரு சமைத்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கிவிட்டு, உலோகத்தை ஊற்றுகிறார். சுவாமிமலை விக்கிரகம் பெரும்பாலும் கெட்டி வார்ப்பு. பஸ்தர் உருவத்துக்குள் மண் கரு இருப்பதால் அது கூடு வார்ப்பு. தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள மொஹஞ்சதாரோ நடனப் பெண்ணும் மெழுகு இழந்த வார்ப்புதான் என்பதை நினைத்தால், இந்த முறையின் வயது புரியும்.

விலை வேறுபடுவதில் எனக்குத் தகராறு இல்லை. தென்னங்கீற்றை மடித்துத் தாளப் பிரமாணம் பார்ப்பதும், வார்த்த பிறகு நாள்கணக்கில் உளியால் செதுக்குவதும் தனி உழைப்பு. என் வருத்தம் மரியாதை பற்றியது. ஸ்தபதி முன்னால் கை கட்டி நின்று, "சுவாமி எப்போ தயாராகும்?" என்று கேட்கிறோம். கட்வா சமூகத்துக் கொல்லரிடம், "ரெண்டு எடுத்தா எவ்வளவு கொறைப்பே?" என்கிறோம். அந்தக் கட்வாக்களும் பஸ்தர் பழங்குடிகளுக்காகத் தலைமுறைகளாகத் தெய்வ உருவங்கள் வார்த்தவர்களே. குதிரைமேல் வரும் அவர்களது ராவ் தேவ் ஊரைக் காக்கும் தெய்வம். நம் ஐயனாருக்குத் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றுகிறது. அதைத்தான் நாம் டி.வி. மேல் வைக்கும் குதிரைப் பொம்மையாக வாங்கி வருகிறோம்.

அழகு பார்ப்பதிலும் நமக்குத் தடுமாற்றம். சோழர் செப்புத்திருமேனியின் வழவழப்புக்குப் பழகிய கண், டோக்ராவின் சொரசொரப்பை முடியாத வேலை என்று எண்ணுகிறது. அந்த வரிகள்தாம் அதன் அழகு. விரல் சுற்றிய மெழுகு நூல் அப்படியே உலோகமாக நின்றிருக்கிறது. ஒருமுறை வேறொரு கடையில், பெயர் வேண்டாம், நல்ல பளபளப்பாக இருக்கிறதே என்று ஒரு யானையை வாங்கிவந்தேன். அடுத்த மாதம் நண்பர் வீட்டில் அதன் இரட்டைப்பிறவி நின்றது! தந்தத்தின் அருகிலிருந்த சின்ன வடு வரை ஒன்றே. உடைத்தெடுக்கும் அச்சில் இரட்டை பிறக்க வழியில்லை. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, நூல்வரிகள் ஆழமில்லாமல் மழுங்கியிருந்தன, வயிற்றடியில் நெடுக ஒரு மூட்டுக்கோடு ஓடியது. பேரத்தில் ஜெயித்தோம் என்று பூரித்த பொருள் அது.

நம் மாநிலத்துப் பொருளைக்கூட நாம் அடையாளம் காண்பதில்லை. நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாகப் போடும் பூவேலை, துணியின் இழைகளை எண்ணியே போடப்படுவது. வரைந்து வைத்த மாதிரி கிடையாது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கண்காட்சியில் அந்தச் சால்வையைத் தொட்டுப் பார்த்த நம் சங்கத்துப் பெண்மணி ஒருவர், "இது மணிப்பூரா, நாகாலாந்தா?" என்று இந்தியில் கேட்டார். கடைக்காரப் பெண் தமிழிலேயே, "ஊட்டிங்கம்மா" என்றார்.

பெயர் தெரிந்தால் பார்வை மாறும் என்பதற்கு ஜன்கர் சிங் ஷியாம் போதும். மத்தியப் பிரதேசத்துப் பாடன்கர் கிராமத்துச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த அந்த கோண்ட் இளைஞரைப் போபால் பாரத் பவனுக்கு அழைத்துவந்தவர் ஓவியர் ஜெ. சுவாமிநாதன். 1989இல் ஜன்கரின் படைப்பு பாரிஸ் கண்காட்சிக்குப் போயிற்று. அதன்பின் அது "பழங்குடி ஓவியம்" என்ற மொத்தச் சரக்காக இல்லாமல், ஜன்கரின் ஓவியமாயிற்று. ஹாட்டில் அடுக்கியிருக்கும் பித்தளைக் குதிரைகளுக்கு அந்த யோகம் இல்லை. மாநிலத்தின் பெயர் மட்டும் பலகையில் இருக்கிறது.

போன குளிர்காலத்தில் ஒரு குதிரை வீரனை வாங்கினேன். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, செய்தது யாரென்று விசாரித்தேன். கடைக்காரர் முதலில் நான் குறை சொல்லத்தான் கேட்கிறேனோ என்று சந்தேகப்பட்டார். பிறகு, குதிரை தாம் செய்தது, வீரனின் முகம் மட்டும் மனைவி கைவேலை, மெழுகு நூல் அவளுக்குத்தான் மெல்லிசாக வரும் என்றார். ரசீதின் பின்புறம் இரண்டு பெயரையும் எழுதித் தரச் சொன்னேன். இந்தியில் எழுதி, கீழே கொண்டகாவ், பஸ்தர் என்று ஊரையும் சேர்த்தார். மனைவியின் பெயரை எழுதுமுன் பேனாவை வைத்துக்கொண்டு சற்று யோசித்துவிட்டு, அதை மேலே எழுதினார்.