சத்தமில்லாத சரிவு

தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் 11 கால்வாய்களிலும் பெரும்பாலான தூரம் நீர் சத்தமில்லாமல்தான் நகர்கிறது. அந்த அமைதியே தேர்ந்த வேலைப்பாடு. சரிவு கூடினால் நீர் கரையை அரிக்கும், குறைந்தால் வண்டல் படிந்து தூர்ந்துபோகும். இரண்டுக்கும் நடுவே மேட்டு விளிம்பை ஒட்டி, கன்னடியன் கால்வாயும் பாளையங்கால்வாயும் பொறுமையாக வளைந்து போகின்றன. அதனால் மடைப்பலகையை விரற்கடை தூக்கினாலே போதும், களுக்கென்று ஒரு சிரிப்போடு நீர் தானாக வயலில் இறங்கும். நேராக வெட்டி சிமெண்ட் பூசினால் கசியும் நீர் மிச்சமாகுமே என்பார்கள். கசிவு உண்மைதான். ஆனால் அதில் ஒரு பங்கு பக்கத்துக் கிணறுகளில் ஊறுகிறது. இன்னொரு பங்கு வயல் வடிகாலோடு ஆற்றுக்கே திரும்புகிறது. சுத்தமல்லி அணைக்கட்டுக்கு மேலே கசிந்ததை மருதூர் அணைக்கட்டும், அங்கே தப்பியதை ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் மறுபடி பிடித்துக்கொள்கின்றன.