பாட்டு எத்தனை எம்பி? பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று

தமிழ்நாட்டில் 2019இல் வந்த பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில், ஆயத்தொலைவு வடிவியல் பாடத்தில் ஒரு பயிற்சிக் கணக்கு உண்டு. ஒரு பாட்டைப் பதிவிறக்குகிறீர்கள். எக்ஸ் வினாடி கழித்து இன்னும் இறங்க வேண்டிய பங்கு ஒய். சமன்பாடு: ஒய் = −0.1 எக்ஸ் + 1. பாட்டின் மொத்த அளவு எத்தனை எம்பி என்று கேட்கிறது புத்தகம்.

கண்டுபிடிக்க முடியாது. அதுதான் பிரச்சினை.

எக்ஸ் = 0 என்று போட்டால் ஒய் = 1. இதுதான் ஒய் வெட்டுத்துண்டு. ஆனா அந்த 1 என்பது 1 எம்பி இல்லை. "முழுப் பாட்டும் பாக்கி", அதாவது 100 சதவீதம், என்றுதான் அர்த்தம். பாட்டு 4 எம்பியாக இருந்தாலும் 40 எம்பியாக இருந்தாலும் 10 வினாடியில் இறங்கினால் கோடு இதே கோடுதான். எத்தனை வினாடியில் 75 சதவீதம் இறங்கும் என்பது நியாயமான கேள்வி, விடை 7.5 வினாடி. எம்பி கேட்பது மட்டும்தான் தப்பு.

இது எங்கிருந்து வருகிறது? சாய்வையும் வெட்டுத்துண்டையும் வெறும் எண்ணாகப் பார்ப்பதிலிருந்து. இரண்டுக்கும் அலகு உண்டு. வெட்டுத்துண்டுக்கு ஒய்யின் அலகு. சாய்வுக்கு, ஒய்யின் அலகை எக்ஸின் அலகால் வகுத்தது.

எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்க ஆரம்பித்தார். ஏப்ரல் 28இல் வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். தூரம் சுமார் 150 மைல், 15 நாள். பாக்கி தூரம் ஒய், கழிந்த நாள் எக்ஸ் என்றால்:

ஒய் = −10 எக்ஸ் + 150

வெட்டுத்துண்டு 150 மைல்: கிளம்பும்போது பாக்கியிருந்த தூரம். சாய்வு, நாளுக்கு −10 மைல். தூரம் குறைந்துகொண்டே வருவதால் மைனஸ். தினமும் சரியாகப் பத்து மைல் நடந்திருக்க மாட்டார்கள்தான். இது சராசரிக் கோடு. இதையே "பாக்கிப் பங்கு" என்று எழுதினால் வெட்டுத்துண்டு 1 ஆகிவிடும். அதைப் பார்த்து, திருச்சிக்கும் வேதாரண்யத்துக்கும் 1 மைல் என்று யாராவது சொல்வார்களா? பாட்டுக் கணக்கு கேட்பது கிட்டத்தட்ட அதைத்தான்.

புத்தகத்தில் நல்ல கணக்குகளும் உண்டு. செல்சியஸ், பாரன்ஹீட் வரைபடத்தைக் கொடுத்து சாய்வையும் வெட்டுத்துண்டையும் கேட்கும் கணக்கு அருமையானது. 32 என்றால் 32 டிகிரி பாரன்ஹீட், தண்ணீர் உறையும் வெப்பநிலை. பையனுக்கு அது ஒரு நிஜமான பொருள்.

பாட்டுக் கணக்கைத் திருத்துவதும் சுலபம். "ஒய் என்பது பாக்கியுள்ள எம்பி; ஒய் = −0.5 எக்ஸ் + 5" என்று மாற்றினால் போதும். வெட்டுத்துண்டு 5 எம்பி, சாய்வு வினாடிக்கு −0.5 எம்பி. முதல் கேள்விக்கு அப்போ நிஜமாகவே விடை இருக்கும்.

சின்ன விஷயம்தானே என்று தோணலாம். ஆனா கேள்வியே தவறு என்று சந்தேகப்படும் பிள்ளைக்கு மதிப்பெண் போய்விடும். யோசிக்காமல் 1 எம்பி என்று எழுதும் பிள்ளைக்குக் கிடைத்துவிடும். எனக்கு உறுத்துவது அதுதான்.