யாராலும் தர முடியாத விஎம்எஸ்

ஜவ்வாது மலையின் வடசரிவில் இருக்கும் அமிர்தியை வேலூர்க்காரர்களுக்கு அருவிக்காகவும் சின்ன விலங்குப் பூங்காவுக்காகவும் தெரியும். அதே மலைத்தொடரின் மேற்குப் பக்கம், ஆலங்காயத்துக்கு அருகே, காவலூர். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 1986 ஜனவரியில் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த வளாகத்தில் இருந்த கணினியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், தயாரித்த வாக்ஸ் 11/780. நிறமாலைகளை அலச ‘ரெஸ்பெக்ட்’ என்ற மென்பொருளை நம் வானியலாளர்களே எழுதி, 1987-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் வாக்ஸ் என்றால், பெரும்பாலும் அதில் ஓடியது டெக்கின் சொந்த இயங்குதளமான விஎம்எஸ்.

அன்றைய கணக்கீட்டை அன்றைய சூழலிலேயே ஓட்டிப் பார்க்க இன்று ஒரு மாணவர் விரும்பினால், இயந்திரம் ஒரு தடையே இல்லை. சிம்எச் என்ற மென்பொருள் மடிக்கணினியையே வாக்ஸாக நடிக்க வைத்துவிடும்; அது இலவசம், மூலநிரலும் திறந்தது. தடை விஎம்எஸ்தான். அதன் இன்றைய உரிமையாளரும் ஆர்வலர்களுக்கு இலவச உரிமம் கொடுத்துவந்ததுமான எச்பிஇ நிறுவனம் 2020-இல் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டது. கடைசியாகக் கொடுத்த உரிமங்கள் 2021 டிசம்பரோடு காலாவதியாயின. இப்போது விஎம்எஸ்ஸை வளர்க்கும் விஎஸ்ஐ என்ற சிறு நிறுவனத்துக்கு ஆல்ஃபா, இட்டேனியம், எக்ஸ்86 சில்லுகளுக்கான பதிப்புகள் மீதுதான் உரிமை உண்டு. வாக்ஸ் பதிப்பு மீது இல்லை. கொடுக்க உரிமை உள்ளவருக்கு அக்கறை இல்லை, அக்கறை உள்ளவருக்கு உரிமை இல்லை.

‘விற்பனை முடிந்துபோன இயங்குதளத்தின் மூலநிரலைத் திறந்துவிட்டால் என்ன?’ என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அது வழக்கமாக நிறுவனங்களின் கஞ்சத்தனத்தைக் குற்றம் சாட்டுவதோடு நின்றுவிடுகிறது. கஞ்சத்தனம் ஒரு காரணம் மட்டுமே. ஓர் இயங்குதளம் செத்த பிறகு அதைத் திறக்க முயல்வதே இந்த நடைமுறையின் பெரிய பிழை என்பது என் கருத்து. அதற்குள் உரிமை பல கைகளுக்குச் சிதறியிருக்கும், எழுதியவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள், தொகுக்கும் கருவிகள் காணாமல் போயிருக்கும்.

விஎம்எஸ்ஸின் உரிமை வந்த வழியைப் பார்க்கலாம். 1977-இல் வாக்ஸோடு அறிவிக்கப்பட்டது. டெக்கை 1998-இல் காம்பாக் வாங்கியது. காம்பாக்கை 2002-இல் எச்பி வாங்கியது. எச்பி 2015-இல் இரண்டாகப் பிரிந்தபோது அது எச்பிஇ பக்கம் போனது. அதற்கு முன்பே, 2014-இல், புதிய பதிப்புகளை உருவாக்கும் உரிமம் விஎஸ்ஐக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இடையில் இன்னொரு சங்கதியும் நடந்தது. 2009-இல் எச்பி இதன் மேம்பாட்டு வேலையை அமெரிக்காவிலிருந்து பெங்களூருக்கு மாற்றியது. அந்த நிரலை வரிவரியாகப் படித்துத் திருத்திய கைகள் சில ஆண்டுகள் நம் பக்கத்து ஊரிலேயே இருந்தன என்று அர்த்தம். அதனால் உரிமையில் ஓர் அணுவும் நம் பக்கம் வரவில்லை. (பிற்காலத்தில் இதற்கு ஓப்பன்விஎம்எஸ் என்று பெயர் மாற்றினார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூலநிரல் திறக்கப்படவே இல்லை.)

இப்படிக் கைமாறும் சொத்தில் யாருக்கு எது சொந்தம் என்பது விற்றவருக்கே மறந்துபோகும். இதற்கு யூனிக்ஸைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் யூனிக்ஸின் பழைய பதிப்புகளைத் தாராளமான உரிமத்தில் வெளியிட்டது. ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். அதே கால்டெரா எஸ்சிஓ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2003-இல் ஐபிஎம் மீது வழக்குத் தொடர்ந்தது. யூனிக்ஸின் பதிப்புரிமை எங்களுடையது என்று நோவெல் நிறுவனம் குறுக்கே வந்தது. 2010-இல் அமெரிக்க நடுவர் குழு நோவெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்படியானால் 2002-இல் கால்டெரா கொடுத்தது யாருடைய சொத்து? அந்த உரிமத்தை நம்பி நிரலைப் பயன்படுத்தியவர்கள் மீது யாரும் வழக்குப் போடவில்லை என்பது அதிர்ஷ்டம்தான்; அதைச் சட்டப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இயங்குதளத்தின் கதை வேறு வகை. மூலநிரலைத் திறக்கச் சொல்லிப் பயனர்கள் 2005-இலும் 2007-இலும் மனுக் கொடுத்தார்கள், ஐபிஎம் மறுத்துவிட்டது. ஓஎஸ்/2 பிறந்ததே மைக்ரோசாஃப்டோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில். ஒரே கோப்பில் ஒருவர் எழுதிய வரிக்குக் கீழே மற்றவர் எழுதிய வரி இருக்கும்போது, ஐபிஎம் மட்டும் மனம் இரங்கிப் பயனில்லை. எந்த வரி யாருடையது என்று பிரித்தெடுக்க வக்கீலும் பொறியாளரும் சேர்ந்து உட்கார வேண்டும். வருமானமே இல்லாத பொருளுக்கு அந்தச் செலவை எந்த நிறுவனம் செய்யும்? பணம் செலவழித்துச் செய்த நிறுவனம் ஒன்று உண்டு: சன். யூனிக்ஸ் உரிமைகளை விரிவாகப் பெறுவதற்கு நோவெலுக்கு 1994-இல் சுமார் 8 கோடி டாலர் கொடுத்தது. அந்த அடித்தளம் இருந்ததால்தான் 2005-இல் தன் சோலாரிஸ் இயங்குதளத்தைத் திறக்க முடிந்தது. அப்போதும் மூன்றாம் தரப்பினருக்குச் சொந்தமான சில பகுதிகளை மூலநிரல் இல்லாமல் இயங்கு கோப்பாகவே கொடுக்க வேண்டியிருந்தது.

சட்டம் தானாகவே விடுவிக்கும் நாளுக்குக் காத்திருக்கலாமே என்றால், அந்த நாள் மிகத் தொலைவில் இருக்கிறது. நிறுவனத்துக்காக ஊழியர்கள் எழுதிய படைப்புக்கு அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பதிப்புரிமை. 1978-இல் வெளியான விஎம்எஸ் முதல் பதிப்பு 2073 முடியும்வரை பூட்டியே இருக்கும். இந்தியச் சட்டத்தில் கணினி நிரல் ‘இலக்கியப் படைப்பு’ வகையில் வருகிறது; எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள்வரை உரிமை நீளும். நாவலுக்குப் போட்ட அளவுகோலால் இயங்குதளத்தை அளந்திருக்கிறார்கள். நாவலை நூறு ஆண்டு கழித்தும் வாசிக்கலாம். நிரலை ஓட்டுவதற்கான இயந்திரம் இருபது ஆண்டுகூடத் தாங்குவதில்லை.

ஆனால் நம் சட்டம் முழுக்கக் குருட்டுச் சட்டம் அல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாக நிரலை வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுக்கவும், வேறு நிரலோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்காக அதைப் பிரித்துப் பார்க்கவும், அது இயங்கும் விதத்தைக் கவனித்துச் சோதிக்கவும் அனுமதிக்கிறது. பல நாடுகளோடு ஒப்பிட்டால் இது தாராளம். குறை, பாதுகாத்து வைக்கும் இடத்தில் இருக்கிறது. 2012 திருத்தம் இலாப நோக்கற்ற பொது நூலகங்கள் ஒரு படைப்பை மின்னணு வடிவில் சேமித்துவைக்க வழிசெய்தது. இலக்கமுறை அல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புத்தகத்தை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் இது. காந்த நாடாவில் பிறந்த இயங்குதளத்துக்கு இலக்கமுறை அல்லாத பிரதிக்கு எங்கே போவது?

சட்டச் சிக்கல் எல்லாம் தீர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். மூலநிரல் கையில் வந்தால் போதுமா? மைக்ரோசாஃப்ட் 2024 ஏப்ரலில் எம்எஸ்-டாஸ் 4.00-ஐ எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. சட்டப்படி இதைவிடச் சுத்தமான திறப்பு இல்லை. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். ஆனால் கோப்புகளை கிட்ஹப்பில் ஏற்றும்போது பழைய எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 ஆக மாற்றியதில் சில எழுத்துகள் சிதைந்தன. அப்படியே தொகுத்தால் பிழை வந்தது. கோப்புகளின் அசல் தேதிகளும் தொலைந்தன. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கட்டுரையை யூனிகோடில் திறந்து திகைத்த தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உரிமத்தைக் கவனித்த அளவுக்கு ஆவணத்தைக் கவனிக்கவில்லை.

விஎம்எஸ்ஸில் இந்தத் தொழில்நுட்பச் சிக்கல் பல மடங்கு. அதன் பெரும்பகுதி மேக்ரோ என்ற வாக்ஸ் அசெம்பிளியிலும் பிளிஸ் என்ற, டெக்குக்கு வெளியே அதிகம் புழங்காத மொழியிலும் எழுதப்பட்டது. இவற்றுக்கான கம்பைலர் இல்லாமல் மூலநிரல் வெறும் காகிதம். இன்னொன்று: வாக்ஸ் சில்லில் நான்கு அதிகார நிலைகள் உண்டு, விஎம்எஸ் நான்கையும் பயன்படுத்தும். எக்ஸ்86-இன் நினைவகப் பக்கப் பாதுகாப்பு இரண்டு நிலைகளைத்தான் பிரித்தறியும். மீதி இரண்டை மென்பொருளால் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. முழு மூலநிரல், பழைய டெக் பொறியாளர்கள், சம்பளம் எல்லாம் இருந்தும், 2014-இல் தொடங்கிய விஎஸ்ஐ எக்ஸ்86-க்கான 9.2 பதிப்பை 2022 ஜூலையில்தான் வெளியிட்டது. இதே நிரல் 2014-இல் தன்னார்வலர்களிடம் கொட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘திறந்தால் சமூகம் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்கிறவர்கள் இந்த எட்டு ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உரிமக் கட்டணத்தில் பிழைக்கும் அந்தச் சிறு நிறுவனத்தைப் பார்த்து ‘இலவசமாகக் கொடு’ என்று கேட்பது, இன்று இதைப் பராமரிக்கும் ஆட்களையே கலைத்துவிடவும் கூடும்.

சிம்பியன் என்ற கைபேசி இயங்குதளம் இன்னொரு பாடம். நோக்கியா அதை 2010 பிப்ரவரியில் திறந்தது. ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் சந்தையைப் பிடித்துக்கொண்ட பிறகு. வெளியிலிருந்து பங்களிக்க யாரும் அவசரப்படவில்லை. 2011-இல் கதவு திரும்ப மூடப்பட்டது. சோலாரிஸோ உயிரோடு இருந்த காலத்திலேயே, அதை எழுதிய பொறியாளர்கள் மேசையில் இருக்கும்போதே திறக்கப்பட்டது. 2010-இல் சன்னை வாங்கிய ஆரக்கிள் கதவை மூடியபோது, வெளியே போன நிரலையும் அதை அறிந்த ஆட்களையும் வைத்து இல்லுமோஸ் என்ற கிளை பிழைத்துக்கொண்டது; சோலாரிஸில் பிறந்த இசட்எஃப்எஸ் கோப்பு முறை இன்று லினக்ஸிலும் ஓடுகிறது. திறப்பின் பயன் உரிமத்தின் வாசகத்தைவிடத் திறக்கப்பட்ட காலத்தையே சார்ந்திருக்கிறது என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது.

அப்படியானால் காலம் தாழ்ந்த திறப்பு வீணா? முழு வீண் என்று சொல்ல மாட்டேன். டாஸின் பழைய நிரலைப் படித்து ஒரு காலத்தின் சிந்தனையைப் புரிந்துகொள்ள முடிகிறது. பழைய கோப்பு வடிவங்களை மீட்க முடிகிறது. ஆனால் அதன் பெயர் ஆவணப் பாதுகாப்பு. அதற்கு அருங்காட்சியகமும் ஆராய்ச்சி உரிமமுமே போதும். ஆப்பிள் லிசாவின் நிரலை 2023-இல் கல்வி நோக்குக்கு மட்டும் அனுமதிக்கும் உரிமத்தில் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. டெக்கும் அந்தக் காலத்தில் உரிமம் பெற்ற வாடிக்கையாளர்களுக்கு மூலநிரல் பட்டியலை மைக்ரோஃபிஷ் தகடுகளில் விற்றது. திருத்தி வெளியிட முடியாது, படிக்கலாம். கோளாறு வந்தால் எந்த வரியில் என்று தேடிப் பார்க்க அதுவே பெரிய உதவி. இன்றைய மூடிய மென்பொருள்களில் பெரும்பாலானவை அந்த அளவுகூடக் கொடுப்பதில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர், ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் போதும், இதில் பங்காளிதான். 1985-இல் டெல்லியில் வாக்ஸில் தொடங்கிய கணினி முன்பதிவு, 1990-களில் ரயில்வேயின் கிரிஸ் நிறுவனத்தின் ‘கான்செர்ட்’ மென்பொருளாக வளர்ந்து, சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களை இணைத்தது. இன்றைய முன்பதிவு அமைப்பு 2010-இல் நிறுவப்பட்டது, இட்டேனியம் சர்வர்களிலும் ஓப்பன்விஎம்எஸ்ஸிலும் இயங்குகிறது, மாற்றியாக வேண்டும் என்று 2025-இல் ரயில்வே அமைச்சகமே தெரிவித்தது. நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற திறனை ஒன்றரை லட்சத்துக்கும் மேலே கொண்டுபோவது நோக்கம். இன்டெல் இட்டேனியம் சில்லு அனுப்புவதை 2021-லேயே நிறுத்திவிட்டது. வாங்கும் நாளிலேயே ‘விற்பவர் கைவிட்டால் மூலநிரலும் தொகுக்கும் கருவிகளும் மூன்றாமவரிடம் வைப்பிலிருந்து எங்களுக்கு வர வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதவைக்கும் அளவுக்குப் பெரிய வாடிக்கையாளர் ரயில்வே. மென்பொருள் வாங்கும் ஒவ்வொரு அரசுத் துறையும் கேட்க வேண்டிய நிபந்தனை அது. செத்த பிறகு மனுப் போடுவதைவிட வாங்கும்போது பேரம் பேசுவது எளிது.

விஎம்எஸ் நம்முடையது இல்லை, கான்செர்ட் நம்முடையது. அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்து கூட்டாக மேம்படுத்துவதற்கான கொள்கையை ஒன்றிய அரசு 2015-லேயே வெளியிட்டுவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் முன்பதிவு அமைப்பின் நிரலைத் திறந்தால் இடைத்தரகர்களும் போலி மென்பொருள்காரர்களும் ஓட்டை தேடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. புதிய அமைப்பு வந்து பழையது நின்ற பிறகு அந்த அச்சத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். காத்திருப்பு வரிசை, ஒதுக்கீடு, பெட்டி ஒதுக்கும் முறை என்று ஒரு நாட்டின் பயண வழக்கமே அந்த நிரலில் எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். குறிப்பெழுதித் தரக் கேட்கலாம். ‘ரெஸ்பெக்ட்’ போல ஆய்வகங்களில் எழுதப்பட்ட நிரல்களுக்கும் இதுவே பொருந்தும். அவை ஓடிய கணினிகளைப் போன்ற வாக்ஸ்களில் பிரிட்டன் வானியலாளர்கள் வளர்த்த ஸ்டார்லிங்க் தொகுப்பு, 2005-இல் திட்டம் மூடப்பட்ட பிறகு ஜிபிஎல் உரிமத்தில் திறந்த நிரலாகத் தொடர்ந்து, விஎம்எஸ்ஸை எப்போதோ விட்டுவிட்டு லினக்ஸில் இன்றும் ஓடுகிறது. கான்செர்ட்டுக்கு அப்படி ஒரு வாழ்வு கொடுக்க எச்பிஇயைத் தேடி டெக்சஸிலோ விஎஸ்ஐயைத் தேடி மாசசூசெட்ஸிலோ போய் நிற்க வேண்டியதில்லை. கிரிஸ் அலுவலகம் இருக்கும் சாணக்யபுரியில் ஒரு கையெழுத்து போதும்.