அல்ஹம்ரா: அரண்மனைப் பெயரில் ஓர் அங்காடி

2003-ஆம் ஆண்டு ஜெர்மனியில் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' எனும் விருதை வென்ற பலகை விளையாட்டு 'அல்ஹம்ரா'. டிர்க் ஹென் ஆக்க, குயீன் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. முஸ்லிம் ஸ்பெயினின் பெரும்பெயர் ஒன்றைத் தாங்கிய இவ்வாட்டம் அப்பெயருக்குத் தகுதியுடையதா என்பதே நம் வினா.

அரபியில் 'அஹ்மர்' என்றால் சிவந்தது. அதன் பெண்பால் வடிவம் 'ஹம்ரா'. கிரனடாவில் நஸ்ரி அரசை நிறுவிய முதலாம் முஹம்மது 'இப்னுல் அஹ்மர்' என வழங்கப்பட்டதால், அவரால் இப்பெயர் வந்தது என்பார் உளர். ஆயின் அவர் 1238-இல் அங்குப் பணி தொடங்குவதற்கு முன்பே, 9-ஆம் நூற்றாண்டிலேயே, அக்குன்றின் கோட்டை செந்நிறத்தால் பெயர் பெற்றிருந்தது. மண்ணின் நிறம் மதிலுக்கும், மதிலின் நிறம் பெயருக்கும் வந்தது. திருச்செந்தூரை அடுத்த தேரிக்காட்டின் செம்மணலைக் கண்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

ஆட்டத்திற்கு இப்பெயர் அவ்வாறு அமையவில்லை. இதே ஆசிரியரின் 1998-ஆம் ஆண்டுப் பங்குச்சந்தை ஆட்டமொன்றே பின்னர் மாளிகை வேடம் பூண்டது. அம்முன்னோடியின் தலைப்பு, 'மீதியை வைத்துக்கொள்ளுங்கள்' என ஜெர்மானியர் பணம் கொடுக்கையில் சொல்லும் தொடராகும். வேடத்தினுள்ளும் பழைய உடல் தெரிகிறது. திர்ஹம், டுகாட் முதலிய நான்கு வகை நாணயங்கள். கட்டடத்திற்குரிய நாணயத்தைச் சரியாக எண்ணிக் கொடுப்பவருக்கு மறுமுறை ஆடும் உரிமை உண்டு. ஆட்டத்தின் உயிர் இந்தக் கணக்கிலேயே உள்ளது. அவ்வகையில் விருது பொருந்தும். கோபுரமும் தோட்டமுமோ புள்ளி ஈட்டும் அட்டைகளாகவே நின்றுவிடுகின்றன.

நஸ்ரிகள் அரண்மனை எழுப்பத் தொடங்கிய அதே 13-ஆம் நூற்றாண்டில், ஹோர்முஸ், ஏடன் பகுதிகளிலிருந்து குதிரைகளுடன் கப்பல்கள் நம் காயல் துறைக்கு வந்ததை மார்க்கோ போலோவின் பயண நூல் கூறுகிறது. பலநாட்டு வணிகர் கூடிய அத்தகைய துறைமுகமே இவ்வாட்டத்திற்கு இயல்பான களம். அங்காடியை ஆடுவோர்க்கு அங்காடியின் பெயரே தகும்.

அல்ஹம்ராவின் சுவர்களில் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்ட நஸ்ரி வாசகம், 'அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை' என்பது. மூன்று முறை புள்ளிகளைக் கணக்கிட்டு வெற்றியாளரை அறிவிக்கும் ஆட்டத்தில் அவ்வாசகத்திற்கு இடமில்லை. 1492-இல் கைமாறிய அவ்வரண்மனையின் பெயரை நம் பிள்ளைகள் முதலில் ஒரு பெட்டியின் மேல் வாசிக்க நேரலாம். அவர்களோடு அமர்ந்து ஆடுவோம்; ஆடி முடித்தபின் அப்பெயரின் பொருளையும் சொல்லிவைப்போம்.